படி ஏறும் நேரத்தில் ஒரு காட்டாறு

திருத்தணி முருகன் கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று கணக்கு. டிசம்பர் 31 அன்று படிக்குப் படி பூசை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுகிறார்கள். அந்தக் கூட்டத்தை விடுங்கள். சாதாரண நாளில், முழங்கால் ஒத்துழைக்காத என்னைப் போன்ற ஆள், நிழல் கண்ட இடமெல்லாம் நின்று ஏறினால் அரை மணி நேரம் ஆகும். இந்த அரை மணியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் கணக்குகளுக்கு அதுதான் அளவுகோல்.

மேலே நின்று வடக்கே பார்த்தால் நகரி மலைகள் தெரியும். ஆகாய வழியில் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். அந்தத் தொடரின் உயர்ந்த முனை கடல்மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர். பழைய காலத்துக் கப்பல்காரர்கள் அதற்கு ‘நகரி மூக்கு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வங்கக் கடலிலிருந்து சென்னைத் துறையை நெருங்கும்போது கண்ணில் படும் அடையாளம் அது. கடலில் இருப்பவனுக்குத் தெரியும் மலை என்றால், கடல் மலைக்கு அவ்வளவு பக்கம் என்று பொருள். திருத்தணியிலிருந்து கிழக்கே கடற்கரை எண்பது கிலோமீட்டர்கூட இல்லை.

இந்த எண்பது கிலோமீட்டருக்குள் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கும் ஓடை முதல் ஐந்து கிலோமீட்டரில் 500 மீட்டர்கூடக் கீழே விழலாம். அடிவாரத்தைத் தொட்டபின், கடல் வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு மீட்டர் சரிவுதான். முதலில் மாடிப்படி, பிறகு நடுக்கூடம். மாடிப்படியில் குடத்தைக் கவிழ்த்தால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கே ஐப்பசி, கார்த்திகையில் நடக்கிறது. அதற்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: காட்டாறு. ‘திடீர் வெள்ளம்’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. எனக்குப் பழைய சொல்தான் பிடிக்கும். ஆற்றின் குணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

மழையிலிருந்து தொடங்குவோம். வடகிழக்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வருகிறது. சமவெளியில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. மலைச் சுவரில் முட்டியதும் மேலே ஏறுவதைத் தவிர அதற்கு வழியில்லை. காற்று நூறு மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு டிகிரி குளிரும். குளிர்ந்தால் நீராவி துளியாகும். ஒரு கிலோ நீராவி நீராகும்போது அது வெளிவிடும் வெப்பத்தைக் கொண்டு, ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியை நாற்பது நிமிடம் சூடாக வைத்திருக்கலாம். அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்கி இன்னும் மேலே தூக்கும், தூக்கினால் இன்னும் குளிரும், இன்னும் துளி. மேகம் தன் அடுப்பைத் தானே ஊதிக்கொள்கிறது.

ஒரு மணி நேரத்தில் ஒரே இடத்தில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டினால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதை மேகவெடிப்பு என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. (தொலைக்காட்சிகள் தெருவில் தண்ணீர் நின்றாலே மேகவெடிப்பு என்கின்றன.) 10 சென்டிமீட்டர் என்பது கேட்பதற்குச் சின்ன எண், ஒரு சாண்கூட இல்லை. ஒரு சதுர கிலோமீட்டர் மேல் அது விழுந்தால் 10 கோடி லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளில் அதைப் பிடித்தால் 8,300 லாரிகள் வேண்டும். அவற்றை முட்டி முட்டி வரிசையாக நிறுத்தினால் திருத்தணியில் தொடங்கும் வரிசை ஏறக்குறைய சென்னையில் முடியும். அது ஒரே ஒரு சதுர கிலோமீட்டருக்கு.

இவ்வளவு நீரையும் மண் குடித்துவிட்டால் வெள்ளம் ஏது? இங்கேதான் நகரி மலையின் பாறை குறுக்கே வருகிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு பழங்கடலின் கரையோரத்தில் படிந்த மணல், அழுத்தத்திலும் வெப்பத்திலும் இறுகி ஒட்டிக்கொண்டது. ‘குவார்ட்சைட்’ என்பது அதன் பெயர். படிகக்கல் மணல் ஒன்றோடொன்று உருகி ஒட்டியது போன்ற பாறை. நிலவியல் நூல்களில் ‘நகரி குவார்ட்சைட்’ என்று இந்த ஊரின் பெயரிலேயே ஓர் அடுக்கு இருக்கிறது. அதன் வெடிப்புகளில் கொஞ்சம் நீர் இறங்கும். மற்றபடி அது சிமெண்டுத் தளம்தான். மேலே இருப்பது ஒரு முழம் மண்ணும் முட்புதரும். முதல் மழைக்கு அந்த மண் குடிக்கும். பத்து நாளில் அடுத்த மழை வந்தால், வயிறு நிறைந்தவனுக்குப் பரிமாறுவது போல இலையெல்லாம் வழியும்.

இனி அந்த அரை மணி நேரம். பள்ளத்தாக்கின் கடைக்கோடியில் விழுந்த துளி, அதன் வாய்க்கு வந்து சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீரியலில் ‘ஒருங்குநேரம்’ எனலாம்: எல்லா மூலையின் நீரும் ஓரிடத்தில் ஒன்றுகூடும் நேரம். 1940இல் கிர்பிச் என்ற அமெரிக்கப் பொறியாளர், டென்னசி மாநிலத்தின் சின்னச் சின்ன ஓடைகளை அளந்து இதற்கு ஒரு சூத்திரம் எழுதினார். அதற்கு இரண்டே எண்கள் போதும், நீளமும் சரிவும். ஐந்து கிலோமீட்டர் நீளம், பத்துக்கு ஒன்று சரிவு என்று போட்டுப் பாருங்கள். நகரி மலை ஓடைக்கு ஏறக்குறைய பொருந்தும் எண்கள். விடை 33 நிமிடம். நான் படி ஏறி முடிக்கும் நேரம்! அதே ஐந்து கிலோமீட்டரைச் சமவெளிச் சரிவில் போட்டால் மூன்றே கால் மணி நேரம்.

நீர் அதே நீர்தான். ஆனால் மூன்றே கால் மணி நேரத்தில் சாவகாசமாக வரவேண்டியது அரை மணியில் வந்து சேர்ந்தால், ஒவ்வொரு நொடியும் கடக்கும் அளவு எகிறிவிடுகிறது. பத்து சதுர கிலோமீட்டர் பள்ளத்தாக்கு, ஒரு மணியில் 10 சென்டிமீட்டர் மழை, அதில் பத்தில் ஏழு பங்கு ஓடி வருகிறது என்று வைத்தால், வாயில் சுமார் 7,000 கன அடி. செய்தியில் இந்தக் ‘கன அடி’யைக் கேட்டுக் கேட்டு நமக்கு மரத்துப்போய்விட்டது. நொடிக்கு ஒரு கன அடி என்பது நொடிக்கு இரண்டு குடம். 7,000 கன அடி என்றால் கண் மூடித் திறப்பதற்குள் 14,000 குடம். காலையில் ஆடு மேய்ந்த ஓடையில்.

காட்டாறு வரும்போது முன்பக்கம் சுவர் போல எழுந்து வருவதாகப் பார்த்தவர்கள் சொல்வார்கள். மிகைப்படுத்தல் என்று நானும் நினைத்திருந்தேன். காய்ந்த மணலில் முதலில் வரும் நீரைப் படுகை உறிஞ்சுகிறது, கற்களும் புதர்களும் இழுத்துப் பிடிக்கின்றன; அது தயங்குகிறது. பின்னால் வருவது ஆழமான நீர். ஆழம் கூடினால் அடித்தரையின் உராய்வு அவ்வளவாக உறைக்காது, வேகம் கூடும். பின்னவன் முன்னவனைப் பிடித்து, மேலே ஏறிக்கொள்கிறான். முன்முனை செங்குத்தாகிறது. அதன் மூக்கில் சருகும் கிளையும் நுரையும்.

இன்னொரு விந்தை: வெள்ளம், அதிலுள்ள தண்ணீரைவிட வேகமாகப் பயணம் செய்யும். தர்ம தரிசன வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கூட்டம் வந்து நெருக்கினால், அந்தத் தள்ளல் முன்வரிசைக்கு உடனே வந்துவிடும்; தள்ளிய ஆள் வருவதற்கு நேரம் ஆகும். ஆற்றிலும் அப்படித்தான். அகலமான படுகையில் வெள்ள அலை, நீரின் சராசரி வேகத்தைப்போல ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக ஓடும் என்கிறது கணக்கு. மரக்கட்டை ஒன்றைத் தொடர்ந்து கரையில் ஓடினால், கட்டைக்கு முன்பே வெள்ளம் ஊருக்குள் போயிருக்கும்.

இந்த விதிகள் எல்லாம் கூடி விளையாடும் மேடை திருத்தணிக்கு வடமேற்கே, பள்ளிப்பட்டில் இருக்கிறது. ஆந்திர மலைகளிலிருந்து லவா, குசா என்று இரண்டு ஆறுகள் வருகின்றன. பள்ளிப்பட்டுக்கு அருகே அவை சேர்ந்தால் கொசஸ்தலை ஆறு. இராமாயணத்து இரட்டையர் பெயரை யார் வைத்தார்களோ, நீரியல் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும். இரட்டைப் பிள்ளைகள் மாறி மாறி அழுதால் தாய் சமாளித்துவிடுவாள். இருவரும் சேர்ந்து அழும் இரவுதான் கெட்ட இரவு. லவாவின் உச்சம் மூன்று மணிக்கும் குசாவின் உச்சம் ஆறு மணிக்கும் வந்தால் இரண்டு நடுத்தர வெள்ளங்கள், கரை தாங்கும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் மேலே பெய்த மழை அதேதான், கீழே வெள்ளம் இரு மடங்கு. மழைமேகம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதுகூட இந்தச் சந்திப்பின் நேரத்தை மாற்றிவிடும்.

குசா ஆற்றின் குறுக்கே ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணை இருக்கிறது. நம் பக்கத்தில் அம்மப்பள்ளி அணை என்பார்கள். அது நிரம்பி மதகு திறந்தால் பள்ளிப்பட்டுப் பகுதியில் நெடியம் போன்ற ஊர்களின் தரைப்பாலங்கள் மூழ்கும். வடக்கே ஆரணியாற்றில் பிச்சாட்டூர் அணை திறந்தபோது ஊத்துக்கோட்டை தரைப்பாலம் மூழ்கியதுண்டு. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது மாநில எல்லைக் கோடு அடிவாரத்தை ஒட்டி விழுந்தது. மழை அளக்கும் குடுவை ஒரு மாநிலத்தில், மூழ்கும் பாலம் இன்னொரு மாநிலத்தில். ஒருங்குநேரத்தைவிட வேகமாகத் தொலைபேசி மணி அடிக்க வேண்டும்; அது மொழி மாறி, அலுவலகம் மாறி, கடைசியில் கரையோர ஊரில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவாக வரவேண்டும்.

தரைப்பாலத்தைக் குறை சொல்கிறவர்கள் அதன் புத்திசாலித்தனத்தைக் கவனிப்பதில்லை. ஆண்டில் முந்நூற்றைம்பது நாள் ஆறு மணல்தான். அதற்கு உயர்ந்த பாலம் கட்டக் காசில்லாதபோது, வெள்ளம் தலைமேல் ஏறிப்போகட்டும் என்று குனிந்து கொடுக்கும் பாலம் இது. கைப்பிடிச் சுவர் இருந்தால் அதில் மரம் மாட்டி, பாலமே அணையாகிவிடும். அதனால்தான் மொட்டையாக விட்டார்கள். ஆபத்து, மனிதன் அதன்மேல் நடக்கும்போது. முழங்கால் அளவு நீர், நொடிக்கு இரண்டு மீட்டர் வேகம், அதாவது வேகநடைக்குச் சற்று மேல். அது இரு கால்களையும் தள்ளும் விசை சுமார் 30 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, 120 கிலோ. கார் இன்னும் பாவம். சின்னக் காரின் அடித்தளம் ஐந்தரைச் சதுர மீட்டர் இருக்கும். நீர் அடித்தளத்தைத் தொட்டபின் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் 500 கிலோவுக்கு மேல் தூக்கும். ஒன்றரை அடி நீரில் ஒரு டன் கார் படகு. துடுப்பு மட்டும் இல்லை.

கல்லை உருட்டும் கணக்கு இதையும் மிஞ்சும். நீரின் வேகம் இரு மடங்கானால் அது நகர்த்தக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும். கூழாங்கல்லைத் தள்ளிய ஓடை, வேகம் இரட்டித்ததும் ஆட்டுக்கல்லைத் தள்ளும். 1952 ஆகஸ்டில் இங்கிலாந்தின் செங்குத்தான கடற்கரைக் கிராமமான லின்மவுத்தில் இரவோடு இரவாக இப்படித்தான் பாறைகள் தெருவுக்குள் உருண்டு வந்தன. 34 பேர் இறந்தார்கள். சரியாக 52 ஆண்டு கழித்து, 2004 ஆகஸ்ட் 16இல், அதே மாதிரி இன்னொரு கடற்கரைப் பள்ளத்தாக்கான பாஸ்காசிலில் கார்கள் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டன. பட்டப்பகல், ஹெலிகாப்டர்கள் வந்துவிட்டன, ஒருவரும் சாகவில்லை. 1999 டிசம்பரில் வெனிசுவேலாவின் வர்காஸ் கரையில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே இரண்டாயிரம் மீட்டர் மலை கடலோரத்திலேயே நிற்கிறது. மலையே சேறாகி இறங்கியது. இறந்தவர் கணக்கு ஆயிரக்கணக்கில் போனது.

நமக்கு நடுக்கூடம் இருக்கிறது, அந்த எண்பது கிலோமீட்டர் சமவெளி. அதில் நம் முன்னோர் செய்துவைத்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த பகுதி. ஏரி. பாசனத்துக்கு என்று மட்டும் நினைக்கிறோம். நிரம்பி வழியும் ஏரிகூட வெள்ளத்தைத் தாமதப்படுத்தும் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? ஒரு சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி, கலங்கல் வழியும் நிலையில் இருக்கிறது. மேலிருந்து வெள்ளம் வருகிறது. கலங்கல்மேல் நீர் ஓர் அடி உயர்ந்தால்தான் அந்த அளவுக்கு வெளியேற்ற முடியும். ஓர் அடி உயர ஏரி முழுவதும் உயர வேண்டும். அதற்கு 30 கோடி லிட்டர் பிடிக்கும். ஆயிரம் கன அடி வெள்ளத்தை முழுசாக மூன்று மணி நேரம் விழுங்கினால்தான் அது நிரம்பும். மலை திருடிக்கொண்ட மூன்று மணி நேரத்தை ஏரி திருப்பிக் கொடுத்துவிடுகிறது! ஒன்றின் உபரி அடுத்ததற்கு, அதன் உபரி அடுத்ததற்கு என்று சங்கிலியாகக் கோத்தால், ஒவ்வொரு கண்ணியும் உச்சத்தை இன்னும் கொஞ்சம் தட்டையாக்கும். கொசஸ்தலைக்கு உபரி அனுப்பும் காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. ஏரியைப் பார்த்துக்கொள்ள வாரியம் தேர்ந்தெடுத்ததை உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் பத்தாம் நூற்றாண்டிலேயே சொல்கின்றன.

சங்கிலிக்கு ஒரு சாபமும் உண்டு. மேல் ஏரி உடைந்தால் அதன் நீர் முழுவதும் கீழ் ஏரிமேல் விழும். அது உடைந்தால் இரண்டும் சேர்ந்து மூன்றாவதன்மேல். 1903 நவம்பர் 12 அன்று கோலார்ப் பக்கத்து ஏரிகள் உடைந்து, பாலாறு வாணியம்பாடிக்குள் புகுந்தது. இருநூறு பேருக்குமேல் மாண்டார்கள். அவர்களுக்கு அங்கே ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.

2021 நவம்பரில் நடந்தது, மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் செய்முறை விளக்கம் போல. 11ஆம் தேதி ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் சென்னைக்கு அருகே கரை கடந்தது. மண் குடித்தது, ஏரிகள் நிரம்பின. எட்டே நாளில், 19ஆம் தேதி அதிகாலை, இன்னொன்று புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரை கடந்தது. வயிறு நிறைந்தவனுக்குப் பரிமாறல். திருப்பதித் தெருக்கள் ஆறாயின. மலையின் மறுபுறம் செய்யேறு ஆற்றில் அன்னமய்யா அணையின் கரை உடைந்தது. பாலாற்றில் ஒரு லட்சம் கன அடிக்குமேல் ஓடியது. கொசஸ்தலையில் வந்ததெல்லாம் பூண்டிக்குப் போனது. 1944இல் திறக்கப்பட்டு, முன்னாள் மேயர் சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கிய அந்த ஏரியின் கொள்ளளவு 323 கோடி கன அடி. காலியாக இருந்தால் நொடிக்குப் பத்தாயிரம் கன அடி வரத்தை மூன்றே முக்கால் நாள் தாங்கும். நிரம்பியிருந்தால் வருவதை அப்படியே எண்ணூர்ப் பக்கம் அனுப்புவதுதான் வேலை.

தூணும் செய்தித்தாளும் இல்லாத காலத்து வெள்ளங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கும் வழி உண்டு. பெருவெள்ளம் வரும்போது ஆற்றின் ஓரத்து மூலைமுடுக்குகளில் நீர் தேங்கி நிற்கும். அங்கே மெல்லிய மணல் படியும். அடுத்த பெருவெள்ளம் அதன்மேல் இன்னொரு படலம். வெட்டிப் பார்த்தால் கணக்குப் பிள்ளையின் பேரேடு. ஒவ்வொரு படலமும் எந்த ஆண்டுடையது? மணலே சொல்லும். படிகக்கல் மணி மண்ணுக்குள் புதைந்திருக்கும்போது, சுற்றியுள்ள பாறையின் இயற்கைக் கதிர்வீச்சு அதற்குள் சிறிது சிறிதாக எலெக்ட்ரான்களைச் சிக்கவைக்கிறது, உண்டியலில் காசு சேர்வது போல. ஆய்வகத்தில் அதன்மேல் ஒளி பாய்ச்சினால் சிக்கியவை விடுபட்டு மின்மினி போல மினுங்கும். மினுக்கத்தை அளந்தால், அந்த மணி கடைசியாகச் சூரியனைப் பார்த்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று சொல்லிவிடலாம். 1985இல் வெளியான முறை இது. ஒளியூட்டுக் காலக்கணிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். மாதிரியை இருட்டிலேயே, இரும்புக் குழாயை அடித்து எடுக்க வேண்டும்.

நகரி குவார்ட்சைட் இடிந்தால் படிகக்கல் மணல். கொசஸ்தலைப் படுகை முழுக்க இந்தக் கடிகாரங்கள்தான். இதைப் படித்த ஆர்வத்தில் ஒரு மாசி மாதம் தரைப்பாலத்துக்குக் கீழே இறங்கி, படுகை ஓரத்தில் ஒரு முழம் கையால் தோண்டினேன். ஈரமான, பழுப்பு மணல். உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தேன். என்றைக்கோ ஒரு வெள்ள இரவில் ஓடத் தொடங்கிய அத்தனை கடிகாரங்களும் அந்தச் சில நொடியில் பூச்சியத்துக்குப் போயிருக்கும்.